பழைய டிரெய்லர் வாங்கப் போகிறீர்களா? முதல் ராத்திரி அதில் தூங்குவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் மாதம், பென்சில்வேனியாவில் ஒருவரிடம் 21 அடி நீள டிராவல் டிரெய்லர் (படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் உள்ள, இழுத்துச் செல்லும் வீடு) ஒன்றை 12,000 டாலருக்கு வாங்கினோம். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு வாசலுக்கு அது வந்து சேர்ந்தது நவம்பரில். அதில் நாங்கள் முதல் ராத்திரி படுத்துத் தூங்கியது மே மாதக் கடைசியில். இடையில் இருந்த ஆறு மாதமும் அலைச்சல்தான். கார் இழுக்கவில்லை, காகிதம் செல்லவில்லை, தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது. எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. நீங்களும் அதே குழியில் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் சொல்வது காரோ பிக்கப்போ பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லரைப் பற்றி. எஞ்சினோடு வரும் மோட்டார்ஹோமுக்கு முக்கியமாக 3, 8, 9, 10, 11 பகுதிகள் பொருந்தும்.

1. முதலில் வாடகைக்கு எடுங்கள்

அவுட்டோர்சி, ஆர்விஷேர் போன்ற தளங்களில் தனியாட்களே தங்கள் டிரெய்லரை வாடகைக்கு விடுகிறார்கள். சிலர் கேம்ப்கிரவுண்டிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவார்கள், நீங்கள் இழுக்கவே வேண்டாம். இரண்டு ராத்திரி போதும். குழந்தைகள் மேல் பங்க்கில் தூங்குவார்களா, உங்கள் மாமியார் அந்தக் குறுகலான கழிவறைக்குள் போய் வருவாரா, மழை பெய்தால் ஐந்து பேர் உள்ளே எப்படி உட்காருவது, எல்லாம் தெரிந்துவிடும். நாங்கள் இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் 21 அடிக்குப் பதில் வேறு அமைப்பில் ஒன்றை வாங்கியிருப்போம்.

2. டிரெய்லரைப் பார்க்கும் முன் கார் கதவைப் பாருங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், நானும் உள்பட. எங்களிடம் இருந்தது 5,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்ட எஸ்யூவி. டிரெய்லரின் காலி எடை 3,900 பவுண்டு. ஆயிரத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

தப்பு. காலி எடை என்பது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த எடை. பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர், பாத்திரம், போர்வை, அரிசி, சைக்கிள் என்று ஏற்றிய பிறகு எங்கள் டிரெய்லர் 4,700 பவுண்டு வந்தது. சரி, 5,000க்குள்தானே என்பீர்கள். இன்னொரு எண் இருக்கிறது. டிரெய்லரின் மூக்கு காரின் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அழுத்தும் எடை, டங் வெயிட். இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். எங்களுக்கு அது 560 பவுண்டு. காரின் ஹிட்ச் தாங்குவதோ 500.

அடுத்து, ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருக்கும். எங்கள் காரில் 1,150. டங் வெயிட்டும் இந்தக் கணக்கில்தான் வரும். நாங்கள் ஐந்து பேர் 620, ஹிட்ச் இரும்பு 80, மூக்கு 560, டிக்கி சாமான் 120. மொத்தம் 1,380. ஐஸ் பெட்டியையும் மாமியாரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனால்கூடக் கணக்கு சரியாக வரவில்லை.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் கதவு ஸ்டிக்கர், அப்புறம் காரின் கையேட்டில் ஹிட்ச் தாங்கும் எடை, கடைசியில்தான் இழுக்கும் திறன். டிரெய்லர் பக்கத்தில் காலி எடையை மறந்துவிடுங்கள். அதன் ஸ்டிக்கரில் இருக்கும் ஜிவிடபிள்யூஆர், அதாவது அதிகபட்ச மொத்த எடையை எடுத்து, அதில் 13 சதவீதத்தை மூக்கு எடை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். "உங்க காரே தாராளமா இழுக்கும்" என்று விற்பவர் யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். மலை இறக்கத்தில் அவர் உங்களோடு வரப்போவதில்லை.

சந்தேகம் இருந்தால் எடை போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாகக் காட்டும். 20 டாலருக்குள் முடியும், 24 மணி நேரத்துக்குள் மறுபடி போட்டால் கட்டணம் இன்னும் குறைவு. நாங்கள் கடைசியில் எஸ்யூவியை விற்றுவிட்டுப் பழைய பிக்கப் ஒன்று வாங்கினோம். அந்தச் செலவை நான் கீழே சேர்க்கவில்லை. சேர்த்தால் என் வீட்டுக்காரர் படித்துவிடுவார்.

3. பார்க்கப் போகும் நாள்

பழைய டிரெய்லரின் எமன் தண்ணீர்தான். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே மரச்சட்டம் இற்றுப் போயிருக்கும். மூலைகளில், ஜன்னலுக்குக் கீழே, படுக்கைக்கு அடியில் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே ஊறியிருக்கிறது என்று அர்த்தம். தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள், குளியலறை வாசலில் குறிப்பாக. வெளிச்சுவரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கொப்புளம் மாதிரி உப்பியிருக்கிறதா தெரியும். அது இருந்தால் பேரமே வேண்டாம், திரும்பிவிடுங்கள். புதுசாக அடித்த வாசனை திரவிய நெடியும் எனக்குச் சந்தேகத்தைத்தான் தரும்.

ஏணி கேட்டு வாங்கிக் கூரையைப் பாருங்கள். ஏசி, காற்றுத் துவாரம் இவற்றைச் சுற்றிப் போட்டிருக்கும் சீலன்ட் வெடித்திருக்கிறதா என்பது முக்கியம். வாங்கிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைப் பார்க்க வேண்டும்.

டயரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றபடியே வயதாகிச் சாகிறது. ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தால், மேல் வரிப்பள்ளங்கள் தேயாமல் நன்றாக இருந்தாலும், நாலு புது டயரின் விலையைப் பேரத்தில் கழியுங்கள்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். நவம்பரில் வாங்கினால் விலை குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் குளிருக்காகக் குழாய்களில் தண்ணீரை வடித்து இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) ஏற்றி வைத்திருப்பார்கள். தண்ணீர் விட்டுச் சோதிக்க முடியாது. "எல்லாம் வேலை செய்யும்" என்றார் விற்றவர், நாங்களும் தலையாட்டினோம். ஏப்ரலில் தண்ணீர் விட்டபோது அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே எங்கோ உறைந்து வெடித்த குழாய் மூட்டு ஒன்று சமையல் மேடைக்கு அடியில் பீய்ச்சியது. பம்பும் போயிருந்தது. இப்படி வாங்குவதானால் தண்ணீர் அமைப்புக்கென்று ஒரு தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் அவரையே தண்ணீர் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் ஆன்டிஃப்ரீஸ் இரண்டு மூன்று கேலன்தான்.

ஆர்வி என்று சொல்லும் இந்த டிரெய்லர், மோட்டார்ஹோம் வகைகளைச் சோதித்துச் சொல்லச் சான்றிதழ் பெற்ற இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். நாங்கள் 450 டாலர் கொடுத்தோம், ஆனால் வாங்கிய பிறகு. முன்னால் கொடுத்திருக்க வேண்டிய பணம். தயாரிப்பாளர், மாடல், ஆண்டு கொடுத்து என்எச்டிஎஸ்ஏ (அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் விடுத்த அழைப்பு, இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காசு இல்லை, ஐந்து நிமிஷ வேலை.

4. காகிதங்கள்

பணத்தைக் கையில் கொடுக்கும் முன் டைட்டிலை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, கையில் வாங்கிப் பாருங்கள். போட்டோவில் அல்ல. அதில் உள்ள வின் எண்ணும் (வண்டியின் அடையாள எண்) டிரெய்லரின் முன்சட்டத்தில் அடித்திருக்கும் வின் எண்ணும் ஒன்றா? பெயர் உங்கள் எதிரே நிற்பவருடையதா? வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம் எங்கே?

பென்சில்வேனியா டைட்டிலில் விற்பவர் நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். நியூ ஜெர்சியில் அந்த வழக்கம் இல்லாததால் எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அவர் சமையலறை மேஜையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நாங்கள் காபி குடித்துவிட்டு வந்தோம். அப்பாயின்ட்மென்ட் வாங்கி மோட்டார் வாகன அலுவலகம் போனால் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். அவரோ அதற்குள் ஃபுளோரிடா போய்விட்டார், குளிர்காலம் முடிந்துதான் வருவாராம். பக்கத்து மாநிலத்தில் வாங்கினால் அந்த மாநிலத்து விதியை முதலில் பாருங்கள். விற்பவரோடு சேர்ந்து நோட்டரி கடைக்கே போய், அங்கேயே பணத்தைக் கொடுங்கள்.

டைட்டிலின் பின்பக்கத்தில் எழுதும்போது ஒரு எழுத்தைக்கூட அடித்துத் திருத்தாதீர்கள். வெள்ளை மை தடவினால் அந்தக் காகிதமே பாழ். என்ன எழுதுவது என்று வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விலை, தேதி, வின், இருவர் கையெழுத்தோடு தனியாக ஒரு விற்பனை ரசீதும் எழுதிக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில் பெயர் மாற்ற 10 வேலை நாள் அவகாசம், தாண்டினால் 25 டாலர் அபராதம். டைட்டில் கட்டணம் 60 டாலர், கடனில் வாங்கினால் 85. தனியாளிடம் வாங்கினாலும் 6.625 சதவீத விற்பனை வரி உண்டு, அங்கேயே கட்ட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காப்பீட்டில் ஒரு குழப்பம் உண்டு. இழுக்கும்போது டிரெய்லர் அடுத்தவருக்குச் சேதம் செய்தால் பெரும்பாலும் உங்கள் கார் பாலிசி பார்த்துக்கொள்ளும். டிரெய்லருக்கே சேதம் ஆனால் பார்க்காது. மரம் விழுந்தால், திருடு போனால், தனி பாலிசி வேண்டும். எங்களுக்கு வருஷம் 260 டாலர் ஆகிறது. முகவரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

5. விலைக்கு மேல் என்ன ஆனது

12,000 டாலருக்கு வாங்கி, முதல் ராத்திரிக்கு முன் நாங்கள் செலவழித்தது: வரியும் டைட்டிலும் 855, எடையைப் பரப்பும் ஹிட்ச் 700, டிரெய்லரின் பிரேக்கைக் காருக்குள்ளிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் வயரிங்கும் 320, நாலு டயர் 480, மின்சாரப் பாதுகாப்புக் கருவி 290, குழாய்கள், சக்கரக் கட்டைகள், மட்டப் பலகைகள் வகையறா 340, இன்ஸ்பெக்டர் 450. கூட்டினால் 3,435. பம்பும் குழாய் மூட்டும் இதில் இல்லை. விலையில் கால் பங்குக்கு மேல் தனியாக எடுத்து வைக்காமல் போகாதீர்கள்.

நிறுத்தும் இடம் அடுத்த செலவு. பல டவுன்ஷிப்களிலும் வீட்டுச் சங்கங்களிலும் வாசலில் டிரெய்லர் நிறுத்த விடமாட்டார்கள். எங்களுக்கு இரண்டாவது வாரமே நோட்டீஸ் வந்தது. இப்போது மாதம் 130 டாலருக்கு வெளியே நிறுத்துகிறோம். வாங்கும் முன்பே இடம் பாருங்கள். வசந்தத்தில் எல்லா இடமும் நிரம்பிவிடும்.

6. கட்டுவதும் ஓட்டுவதும்

மின்சார பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஏழு முனை மின் இணைப்பும் காருக்குள் பிரேக் கன்ட்ரோலரும் கட்டாயம். நாலு முனை இணைப்பில் விளக்கு மட்டும் எரியும், பிரேக் பிடிக்காது. பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் ஐம்பது மைல் ஓடியதும் நிறுத்தி நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) மறுபடி இறுக்குங்கள்.

கழற்றும்போது வரிசை மாறக் கூடாது: இடம் வலம் மட்டம் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, அதற்குப் பிறகுதான் ஹிட்ச்சைக் கழற்ற வேண்டும். கட்டை போடாமல் கழற்றிய டிரெய்லர் தானாகவே கிளம்பிவிடும். நாலு மூலையில் இருக்கும் ஸ்டெபிலைசர் கால்கள் ஆடாமல் இருக்கத்தான், வண்டியைத் தூக்க அல்ல.

பின்னால் எடுப்பது எல்லோருக்கும் பயம். ஒரே வித்தைதான்: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மெதுவாக, கொஞ்சமாக. வழிகாட்டுபவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று போனில் பேசட்டும். நான் ஓட்ட, என் வீட்டுக்காரர் பின்னால் நின்று "ரைட்டு, ரைட்டு" என்றார். அது வலப்பக்கமா, சரி என்று சொல்வதா என்று தெரியாமல் ஒரு தபால் பெட்டி போயிற்று. "ஓட்டுநர் பக்கம்", "கதவுப் பக்கம்" என்று சொல்லிப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான பள்ளி மைதானத்தில் இரண்டு மணி நேரம் பழகினால் போதும்.

வேக எழுத்து எதுவும் அச்சிடாத எஸ்டி டயருக்கு (டிரெய்லருக்கென்றே செய்தது) மணிக்கு 65 மைல்தான் வரம்பு. நான் 62ல் போகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

7. வழி

கார் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். நியூயார்க்கின் ஹட்சின்சன் ரிவர் பார்க்வே, கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வே போன்றவற்றில் டிரெய்லருக்கு அனுமதியே இல்லை, பாலங்களும் தாழ்வு. உங்கள் டிரெய்லரின் உயரத்தை ஏசியோடு சேர்த்து அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஷெனான்டோவா தேசியப் பூங்காவின் ஸ்கைலைன் டிரைவில் உள்ள மேரிஸ் ராக் சுரங்கம் 12 அடி 8 அங்குலம்.

தெற்கே போகிறவர்களுக்கு முக்கியமான ஒன்று. பால்டிமோரில் ஐ-95இல் வரும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்திலும் ஐ-895இன் ஹார்பர் சுரங்கத்திலும் நம் டிரெய்லர் முன்னால் இருக்கும் அளவு புரொப்பேன் கேஸ் சிலிண்டர்களோடு போகக் கூடாது. வால்வை மூடினாலும் கூடாது. முன்பு அதே ஊரின் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் வழியாகச் சுற்றிப் போவார்கள். 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்துவிட்டது. ஆகவே ஊரின் மேற்குப் பக்கமாக ஐ-695இல் சுற்றுங்கள். கூடுதல் நேரம் ஆகும், கணக்கில் வையுங்கள்.

முதல் பயணம் வீட்டிலிருந்து ஐம்பது மைலுக்குள், தண்ணீர், மின்சாரம், கழிவு மூன்றும் இணைக்கக்கூடிய தனியார் கேம்ப்கிரவுண்டாக இருக்கட்டும். முன்பக்கமாக நுழைந்து முன்பக்கமாகவே வெளியேறும் புல்-த்ரூ இடமாகக் கேட்டு வாங்குங்கள். ஷெனான்டோவா கேம்ப்கிரவுண்டுகளில் இந்த இணைப்புகள் எதுவும் இல்லை, அது மூன்றாவது பயணத்துக்கு.

8. மின்சாரம்

சிறிய டிரெய்லர்கள் 30 ஆம்ப், 120 வோல்ட். பெருக்கினால் 3,600 வாட். ஏசி ஏறக்குறைய 1,500, இன்டக்‌ஷன் அடுப்பு 1,800, வெந்நீர் ஹீட்டரின் மின்கம்பி 1,400. மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றிவிட்டுச் சமையுங்கள். 110 வோல்ட் மிக்ஸி ஓடும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை ஆசைப்பட்டு எடுத்துப் போகாதீர்கள்.

வீட்டில் ஒரு ஆர்வி பிளக் போட்டுக்கொள்ள நினைத்தால் கவனம். இந்த மூன்று முனைப் பிளக்கைப் பார்த்ததும் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. செருகிய நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் கருகிவிடும். "30 ஆம்ப், 120 வோல்ட்" என்று எழுதிக் கொடுங்கள், முடித்ததும் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேம்ப்கிரவுண்டுகளிலும் மின்கம்பம் சரியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பாதுகாப்புக் கருவியை முதலில் செருகுங்கள், அது பச்சை காட்டிய பிறகு டிரெய்லரை இணையுங்கள்.

9. தண்ணீரும் கழிவும்

குழாயில் நேராக இணைக்காதீர்கள். நடுவில் அழுத்தத்தை 45 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைக்கும் ரெகுலேட்டர் போடுங்கள். குடிநீருக்கென்று விற்கும் ஹோஸ் தனி, தோட்டத்து ஹோஸ் வேண்டாம். தொட்டி நிறையத் தண்ணீரோடு ஓட்டவும் வேண்டாம். ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் என்றால் 330க்கு மேல்.

வெந்நீர் ஹீட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்த பிறகே மின் சுவிட்சைப் போடுங்கள். காலியாகப் போட்டால் கம்பி ஓரிரு நிமிஷத்தில் எரிந்துபோகும்.

கழிவறைத் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள், இணைப்பு இருந்தாலும். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது கோபுரமாகக் குவிந்து கெட்டியாகிவிடும். முக்கால் தொட்டி நிறைந்ததும் முதலில் கழிவறைத் தொட்டியைத் திறங்கள், அது காலியான பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டியைத் திறங்கள். பின்னது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இந்த விஷயத்தில் நம் பழக்கம் நமக்குச் சாதகம். காகிதம் குறைவு, தண்ணீர் அதிகம், அடைப்பு எங்களுக்கு வந்ததே இல்லை. தொட்டி சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான். கையுறை போட மறக்காதீர்கள், அந்த ஹோஸைக் குடிநீர் ஹோஸோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

10. சமையல்

உள்ளே தாளிக்காதீர்கள். மிளகாய் கருகியதும் அலாரம் கத்தும், பெருங்காயம் மெத்தையில் மூன்று மாதம் இருக்கும். தோசைக் கல்லை வெளியே ஒரு கேஸ் அடுப்பில் வையுங்கள். சாம்பார்ப் பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், எண்ணெய் தொட்டிச் சுவரில் படிந்தால் நாற்றம் போகாது. கேஸில் ஓடும் பழைய ரக ஃபிரிட்ஜ் குளிர அரை நாளுக்கு மேல் ஆகும், டிரெய்லர் மட்டமாகவும் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாளே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மாவு வழியிலேயே பொங்கிவிடும்.

அலாரம் கத்துகிறதே என்று கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புரொப்பேன் அலாரத்துக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் காலாவதித் தேதி பின்னால் போட்டிருக்கும். தாண்டியிருந்தால் அன்றே மாற்றுங்கள்.

11. குளிர் வருவதற்குள்

நியூ ஜெர்சியில் அக்டோபர் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். எல்லாத் தொட்டிகளையும் வடியுங்கள். ஹீட்டர் ஆறிய பிறகு அதையும் வடித்து, பைபாஸ் வால்வைத் திருப்புங்கள். திருப்ப மறந்தால் ஆறு கேலன் ஆன்டிஃப்ரீஸ் ஹீட்டருக்குள்ளேயே போய்விடும். வாங்க வேண்டியது ஆர்விக்கான இளஞ்சிவப்பு வகை. காரில் ஊற்றும் பச்சை வகை விஷம். பம்பின் உறிஞ்சு குழாயை ஆன்டிஃப்ரீஸ் கேனுக்குள் விட்டு, தூரத்துக் குழாயிலிருந்து ஒவ்வொன்றாக, வெந்நீர் பக்கமும் தண்ணீர் பக்கமும், இளஞ்சிவப்பு வரும் வரை திறங்கள். கழிவறையையும் ஒரு தடவை ஃபிளஷ் செய்யுங்கள். வெளிப்புற ஷவர் இருந்தால் அதையும். எங்கள் டிரெய்லரில் வெடித்த மூட்டு அதற்குப் போகும் குழாயில்தான் இருந்தது. மீதியை ஒரு கப் வீதம் சிங்க், ஷவர் வடிகால்களில் ஊற்றிவிட்டு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.